ஒரு சிட்டிகை மண்ணும் ஐம்பது ஹெக்டேர் காடும்

என் கணினியில் ஒரு பட்டியல் இருக்கிறது. 50 வரிசைகள், 225 பத்திகள். ஒவ்வொரு வரிசையும் ஒரு ஹெக்டேர் காடு. ஒவ்வொரு பத்தியும் ஒரு மர இனம். கட்டத்துக்குள் இருக்கும் எண், அந்த ஹெக்டேரில் அந்த இனம் எத்தனை மரம் நிற்கிறது என்று சொல்கிறது. பாதிக்கு மேற்பட்ட கட்டங்களில் பூஜ்யம்தான். மொத்தம் 21,457 மரங்கள். பனாமாவில் இருக்கும் பாரோ கொலராடோ தீவுக் காட்டின் கணக்கு இது. புள்ளியியலுக்கான ஆர் மென்பொருளில் வீகன் என்ற தொகுப்பை இறக்கினால் இந்தப் பட்டியலும் கூடவே வந்துவிடும். காசு கிடையாது, யார் வேண்டுமானாலும் திறந்து பார்க்கலாம்.

இந்தப் பட்டியலை வைத்துக்கொண்டு ஒரு கேள்வி: இந்தக் காட்டில் எத்தனை வகை மரம் இருக்கிறது?

ஒரு ஹெக்டேரை மட்டும் எடுத்தால் சராசரியாக 91 இனம். மிகக் குறைந்த ஹெக்டேரில் 77, மிக அதிகமான ஹெக்டேரில் 109. ஐம்பதையும் சேர்த்தால் 225. இவற்றில் எது சரியான விடை? எல்லாமே சரிதான். "எவ்வளவு இடத்தில்" என்று சொல்லாத வரைக்கும் எந்த எண்ணுக்கும் அர்த்தம் கிடையாது. மரத்துக்கே இப்படி என்றால், அந்த மரத்தின் அடியில் கிடக்கும் மண்ணில் உள்ள பாக்டீரியாவையும் பூஞ்சையையும் எண்ணப் போனால் என்ன ஆகும்? இந்த ஒரு காட்டைக் கையில் பிடித்துக்கொண்டு அதைத்தான் இங்கே பார்க்கப் போகிறேன்.

தீவும் அதன் ஐம்பது ஹெக்டேரும்

பாரோ கொலராடோ முதலில் தீவாக இருக்கவில்லை. பனாமா கால்வாய்க்காகச் சாக்ரஸ் ஆற்றை மறித்து அணை கட்டினார்கள். 1914-க்குள் கத்தூன் ஏரி நிரம்பியது. சுற்றியிருந்த பள்ளங்கள் மூழ்கின. மேட்டு நிலம் மட்டும் சுமார் 1,560 ஹெக்டேர் தீவாக மிஞ்சியது. 1923-இல் அது காப்பிடமானது. 1946 முதல் ஸ்மித்சோனியன் நிறுவனத்தின் பொறுப்பில் இருக்கிறது.

1980-இல் ஸ்டீபன் ஹப்பெல், ராபின் ஃபாஸ்டர் என்ற இருவர் அங்கே 1,000 மீட்டர் நீளம், 500 மீட்டர் அகலத்தில் ஒரு களத்தை அளந்தார்கள். அதை 20-க்கு 20 மீட்டர் சதுரங்களாகப் பிரித்தால் 1,250 சதுரம் வரும். அதற்குள் 1 செ.மீ. பருமனுக்கு மேல் உள்ள மரம், செடி எதையும் விடுவதில்லை என்று முடிவு செய்தார்கள். 1 செ.மீ. என்றால் சுண்டு விரல் கனம். ஒவ்வொரு தண்டிலும் எண் போட்ட சிறு தகடு தொங்கும். தரையிலிருந்து 1.3 மீட்டரில், அதாவது மார்பளவு உயரத்தில், பருமனை அளப்பார்கள். பெரிய மரங்களில் பலகை வேர் ஆளுயரத்துக்கும் மேலே ஏறியிருக்கும். அங்கே ஏணி வைத்து ஏறி, வேர் முடிகிற இடத்துக்கு மேலே அளக்க வேண்டும். முதல் கணக்கெடுப்பு 1981 முதல் 1983 வரை நடந்தது. சுமார் 2.35 லட்சம் தண்டுகள், ஏறக்குறைய 300 இனங்கள். 1985-இல் மறுபடியும் எடுத்தார்கள், அப்புறம் ஐந்து ஆண்டுக்கு ஒரு முறை என்று தொடர்ந்தது.

அதே ஐம்பது ஹெக்டேருக்கு மேலே 225 என்றேன், இப்போது 300 என்கிறேன். என் கணினியில் இருப்பது 10 செ.மீ. பருமனைத் தாண்டிய மரங்களின் பட்டியல் மட்டும். அந்தப் பருமனை வாழ்நாளில் ஒருபோதும் எட்டாத குறுமரங்களும் புதர்களும் அதில் விழவில்லை. ஆக, இடத்தின் அளவு மட்டுமில்லாமல், எவ்வளவு சிறிய உயிர் வரை எண்ணுகிறோம் என்பதும் விடையை மாற்றுகிறது. மண்ணுக்குள் இறங்கும்போது இது பெரிய விஷயமாகிவிடும்.

இரட்டித்தால் எவ்வளவு கூடும்

பரப்பு கூடக்கூட இனமும் கூடும், ஆனால் அதே வேகத்தில் கூடாது. இதற்கு 1921-இல் சுவீடன்காரர் ஊலோஃப் அரேனியஸ் எளிய கணக்கு ஒன்று கொடுத்தார். பரப்பை மடக்கையில் ஓர் அச்சிலும், இன எண்ணிக்கையை மடக்கையில் மற்றோர் அச்சிலும் போட்டால் கிட்டத்தட்ட நேர்கோடு வரும். அந்தக் கோட்டின் சரிவுதான் விஷயம். சரிவு பூஜ்யம் என்றால் எங்கே பார்த்தாலும் அதே இனங்கள். 1 என்றால் ஒவ்வொரு அடிக்கும் முற்றிலும் புது இனங்கள்.

மேலே உள்ள எண்களையே போட்டுப் பார்த்தேன். 1 ஹெக்டேரில் 91, 50 ஹெக்டேரில் 225. சரிவு சுமார் 0.23 வருகிறது. நடைமுறையில் இதன் பொருள்: பரப்பை இரட்டிப்பாக்கினால் மர இனம் 17 சதவீதம் கூடும். இரட்டிப்புக்கு இவ்வளவுதானா என்று தோன்றலாம். ஆனால் இந்த 17 சதவீதம் அடுக்கடுக்காக ஏறித்தான் 91 இனம் 225 ஆகிறது.

பட்டியலை இன்னும் கொஞ்சம் உற்றுப் பார்த்தால் அந்தச் சரிவு எங்கிருந்து வருகிறது என்று தெரியும். ஃபராமியா ஆக்சிடென்டாலிஸ் 1,717 மரம், காப்பிக் குடும்பம். டிரைக்கிலியா டியூபர்குலேட்டா 1,681 மரம். நம் வேம்புக் குடும்பம். இந்த இரண்டு மட்டுமே மொத்த மரங்களில் சுமார் 16 சதவீதம். மறுமுனையில் 21 இனங்கள் ஐம்பதில் ஏதோ ஒரு ஹெக்டேரில் மட்டும் இருக்கின்றன. அவற்றில் பலவற்றுக்குக் களம் முழுக்க ஒற்றை மரம்தான். சாதாரண இனங்கள் முதல் ஹெக்டேரிலேயே வந்துவிடும். அதற்கப்புறம் எண்ணிக்கையை உயர்த்துவது முழுக்க இந்த அபூர்வ இனங்கள்தான்.

1960-இல் அமெரிக்காவின் சிஸ்கியூ மலைத் தாவரங்களைப் பற்றி எழுதியபோது ஆர். எச். விட்டேக்கர் இதற்குப் பெயர்கள் வைத்தார். ஒரு இடத்துக்குள் இருக்கும் இன எண்ணிக்கை ஆல்ஃபா. பகுதி முழுவதற்கும் காமா. இடத்துக்கு இடம் இனங்கள் எந்த அளவுக்கு மாறுகின்றன என்பது பீட்டா. நம் தீவில் ஆல்ஃபா 91, காமா 225. இரண்டையும் வகுத்தால் பீட்டா சுமார் 2.5. பத்திரிகைகளில் வரும் பல்லுயிர்ச் செய்திகள் பெரும்பாலும் ஆல்ஃபாவோடு நின்றுவிடுகின்றன. எனக்கு முக்கியமாகப் படுவது பீட்டா. ஒரு காட்டின் ஒரு மூலையை இழந்தால் எதை இழக்கிறோம் என்று சொல்வது அதுதான்.

சிட்டிகை மண்

சரி, இப்போது குனிந்து மண்ணை அள்ளுவோம். சருகை ஒதுக்கிவிட்டு, குழாய் போன்ற கருவியை மண்ணில் இறக்கி எடுக்கிறார்கள். வேர்த் துணுக்கும் கல்லும் போகச் சலித்து, உடனே குளிரில் வைக்கிறார்கள். ஆய்வகத்தில் டிஎன்ஏ பிரிக்க அதிலிருந்து எடுப்பது பெரும்பாலும் கால் கிராம். சமையலறையில் ஒரு சிட்டிகை உப்பு எடுப்போமே, அவ்வளவு.

ஒரு கிராம் காட்டு மண்ணில் நூறு கோடி பாக்டீரியாக்கள் வரை இருக்கும். தீவின் ஐம்பது ஹெக்டேரில் உள்ள பெரிய மரங்கள் 21,457. வகுத்துப் பாருங்கள்: அந்தக் களம் முழுக்க உள்ள மரங்களைப் போல 46,000 மடங்கு உயிர்கள் ஒரு கிராமுக்குள். இனங்கள் என்று பார்த்தால் ஆயிரக்கணக்கில் வரும். ஒரு சிட்டிகையின் ஆல்ஃபா, ஐம்பது ஹெக்டேர் மரங்களின் காமாவை எளிதாகத் தாண்டிவிடுகிறது.

அப்படியானால் மண்ணின் பரப்பைக் கூட்டிக்கொண்டே போனால் எண்ணிக்கை வானத்தைத் தொட வேண்டாமா? தொடவில்லை. 2008-இல் ஜிஜோங் ஜோவும் அவருடைய குழுவினரும் ஒரு காட்டு மண்ணை ஜியோசிப் என்ற மரபணுச் சில்லு கொண்டு ஆராய்ந்தார்கள். இனங்களை எண்ணாமல், நைட்ரஜன், கார்பன் போன்றவற்றைச் சுழற்றும் வேலைகளுக்கான மரபணுக்களை எண்ணினார்கள். சரிவு 0.0624. மரபணுக்களின் வகைக்கு வகை அது 0.0475 முதல் 0.0959 வரை மாறியது. இந்தச் சரிவில் பரப்பை இரட்டித்தால் 4 சதவீதம்தான் கூடும். பரப்பு ஐம்பது மடங்கானால் மரம் இரண்டரை மடங்காகும் இடத்தில், இங்கே 28 சதவீத உயர்வோடு நின்றுவிடும்.

அதற்கு நான்கு ஆண்டு முன்பே, 2004-இல், ஆஸ்திரேலியப் பாலைவன மண்ணின் பூஞ்சைகளுக்கு 0.074 என்று ஒரு குழு கண்டிருந்தது. அமெரிக்க உப்புச் சதுப்பு நிலத்துப் பாக்டீரியாக்களுக்கு அதைவிடவும் தாழ்வாக வந்தது. இந்த மூன்று இடத்திலும் நுண்ணுயிர்க் கோடு தட்டையாகத்தான் தெரிந்தது.

டச்சு விஞ்ஞானி பாஸ் பெக்கிங் 1934-இல் சொன்ன ஒரு கருத்து இங்கே உடனே நினைவுக்கு வரும்: எல்லா நுண்ணுயிரும் எங்கும் இருக்கும், எது செழிக்கும் என்பதைச் சூழல் தேர்ந்தெடுக்கும். காற்றிலும் தூசியிலும் நீரிலும் பயணிக்கும் உயிருக்கு ஊர் எல்லை ஏது? தட்டையான கோடு இதற்குச் சான்று போலத் தெரிகிறது. ஆனால் நான் அவ்வளவு சீக்கிரம் அதை ஒப்புக்கொள்ள மாட்டேன். காரணம், அளக்கும் கோல்.

கோலே வேறு

மரத்தில் இனம் என்றால் என்ன என்று ஒரு தாவரவியலாளருக்குத் தெரியும். இலை, பூ, காய் பார்த்துச் சொல்வார். பாக்டீரியாவுக்கு அது முடியாது என்பதால் 16எஸ் என்ற ஒரு மரபணுத் துண்டைப் படித்து, 97 சதவீதம் ஒத்துப்போனால் ஒரே இனம் என்று வைத்துக்கொண்டார்கள். இது வேலைக்காகப் போட்ட கோடு. எவ்வளவு அகலமான கோடு என்பதற்கு ஒரு சான்று: 2002-இல் ஈ. கோலை என்ற ஒரே பாக்டீரியா இனத்தின் மூன்று வகைகளை ஒப்பிட்டார்கள். மூன்றிலும் சேர்த்து இருந்த புரதங்களில், மூன்றுக்கும் பொதுவானவை சுமார் 39 சதவீதம்தான். பெயர் ஒன்று, பிழைப்பு வேறு வேறு. மரங்களை இந்தக் கோல் கொண்டு அளந்தால், வேம்பும் மலைவேம்பும் சந்தன வேம்பும் ஒரே பெயருக்குள் போய்விடும். அப்போது மரத்தின் கோடும் தட்டையாகத்தான் தெரியும்.

இரண்டாவது சிக்கல், எவ்வளவு எண்ணுகிறோம் என்பது. தீவில் ஒரு மரம்கூட விடாமல் எண்ணினார்கள். மண்ணில் ஒரு மாதிரிக்குச் சில பத்தாயிரம் டிஎன்ஏ துண்டுகளைப் படித்துவிட்டு, கோடிக்கணக்கான உயிர்களைப் பற்றிப் பேசுகிறோம். இது இரண்டு பக்கமும் இழுக்கும். குறைவாக எண்ணினால், அபூர்வமானவை ஒரு சிட்டிகையில் தப்பியும் அடுத்த சிட்டிகையில் சிக்கியும் வரும். பக்கத்துப் பக்கத்து மண்கூட வேறுவேறாகத் தெரியும். அதே குறைந்த எண்ணிக்கையைச் சிறிய பரப்புக்கும் பெரிய பரப்புக்கும் சமமாக வைத்து ஒப்பிட்டால், பெரிய பரப்பின் அபூர்வ இனங்கள் கண்ணில் படாமலே போய்விடும், கோடு தட்டையாகும். நம் பட்டியலில் இருந்து அந்த 21 இனங்களையும் அவற்றைப் போன்ற மற்ற அபூர்வங்களையும் அழித்துவிட்டுக் கணக்குப் போட்டால் என்ன ஆகும் என்று நினைத்துப் பாருங்கள்.

மூன்றாவது, எனக்கு மிகவும் பிடித்தது. பாக்டீரியாவுக்கு ஒரு மீட்டர் என்பது என்ன? அது வாழ்வது மைக்ரோமீட்டர் உலகில். ஒரு மண் கட்டியின் வெளிப்புறத்தில் காற்று இருக்கும், உள்ளே இருக்காது. வேர் நுனியை ஒட்டி அமிலம் கூடியிருக்கும், ஒரு விரற்கடை தள்ளினால் குறைந்திருக்கும். அழுகும் கட்டையின் கீழ் ஒரு உலகம், பக்கத்து எறும்புப் புற்றில் வேறொரு உலகம். ஒரு சிட்டிகை எடுக்கும்போதே நூற்றுக்கணக்கான "ஹெக்டேர்களை" ஒன்றாகக் கலக்கிவிட்டோம். மரத்தில் ஐம்பது ஹெக்டேர் நடந்து கண்ட பீட்டா, நுண்ணுயிரில் அந்தச் சிட்டிகைக்குள்ளேயே பெரும்பகுதி தீர்ந்துவிடுகிறது. மிஞ்சியதைத்தான் நாம் மீட்டர் கணக்கில் அளந்து தட்டை என்கிறோம். ஆகவே 0.06, 0.23 என்ற இரண்டு எண்களையும் நேருக்கு நேர் நிறுத்தி, மரங்கள் இடத்துக்கு இடம் மாறும், நுண்ணுயிர்கள் மாறா என்று முடிப்பதை நான் ஏற்கவில்லை.

தாய்மரத்தடி

இதுவரை இரண்டையும் தனித்தனியே எண்ணினோம். இரண்டும் ஒன்றை ஒன்று எப்படி ஆட்டுவிக்கின்றன என்பதில்தான் இந்தத் தீவு நிறையச் சொல்லிக் கொடுத்திருக்கிறது.

நம் ஊரில் புளியமரத்தடியில் ஒன்றும் வராது என்பார்கள். வெப்பமண்டலக் காட்டில் விஷயம் வேறு: மரத்தடியில் மற்ற இனக் கன்றுகள் எல்லாம் வரும், சொந்தப் பிள்ளை மட்டும் சிரமப்படும். 1970-இல் டேனியல் ஜான்சனும் 1971-இல் ஜோசப் கானெலும் தனித்தனியே இதற்கு ஒரு விளக்கம் வைத்தார்கள். தாய்மரத்தைச் சுற்றி அந்த இனத்தையே தின்னும் பூச்சிகளும் நோய்க்கிருமிகளும் சேர்ந்திருக்கும். விதைகள் பெரும்பாலும் அங்கேதான் விழும், அங்கேயே சாகும். தூரத்தில் விழுந்த ஓரிரண்டு பிழைக்கும். காலியான இடத்தில் வேறு இனம் வரும்.

வாழை போடுபவர்களுக்கு இது புதிதில்லை. ஒரே வயலில் திரும்பத் திரும்ப வாழையை வைத்தால் வாடல் நோய் மண்ணிலேயே தங்கிவிடும். அந்த நோய்க்குப் பனாமா வாடல் என்றே பெயர், அதே நாட்டின் பெயரால்.

2010-இல் இந்தத் தீவை வைத்து இரண்டு ஆய்வுகள் வந்தன. லிசா கோமிடாவின் குழு ஐம்பது ஹெக்டேர்க் களத்தில் 180 இனங்களின் 30,000-க்கும் மேற்பட்ட கன்றுகளை ஐந்து ஆண்டு தொடர்ந்து பார்த்தது. பக்கத்தில் சொந்த இனம் நெருக்கமாக இருந்தால் கன்று சாகும் வாய்ப்பு கூடுகிறது. அதிலும் களத்தில் அபூர்வமாக உள்ள இனங்களுக்கு அந்த அடி பலமாக விழுகிறது. அதே ஆண்டு ஸ்காட் மங்கனின் குழு, அடிப்பது யார் என்று தேடியது. ஆறு மர இனங்களின் கன்றுகளை நிழல்கூடத்தில் தொட்டியில் வளர்த்தார்கள். சில தொட்டிகளில் சொந்த இன மரத்தடி மண்ணின் நுண்ணுயிர்கள், சிலவற்றில் பிற இன மரத்தடியினுடையவை. வெளிச்சம், தண்ணீர், சத்து எல்லாம் ஒன்றுதான். சொந்த மரத்தடி மண்ணில் வைத்த கன்றுகள் பின்தங்கின. எந்த இனம் காட்டில் அபூர்வமோ அதற்கு இந்தப் பின்னடைவு அதிகம்.

இதை இட அளவுகளோடு சேர்த்துப் படித்தால் எனக்கு இப்படித் தோன்றுகிறது. பூஞ்சை இழை மில்லிமீட்டரில் வேலை செய்கிறது. அதன் விளைவு மரத்தடியில் சில மீட்டருக்குத் தெரிகிறது. அந்தச் சில மீட்டர் விலக்கங்கள் 2.35 லட்சம் தண்டுகளில் சேர்ந்து சேர்ந்து, எந்த ஒற்றை இனமும் ஹெக்டேரை முழுதாகப் பிடித்துவிடாமல் தடுக்கின்றன. பட்டியலின் முதல் வரிசையில் 90-க்கு மேல் இனங்கள் இருப்பதற்கு இந்தக் கண்ணுக்குத் தெரியாத வேலையும் ஒரு காரணம். பெலீஸ் நாட்டின் சிக்கிபுல் காட்டில் இதை நேரடியாகச் சோதித்தார்கள். 2014-இல் முடிவு வந்தது. பூஞ்சைக்கொல்லி தெளித்த இடங்களில் முளைத்த கன்றுகளின் பன்மை 16 சதவீதம் குறைந்தது.

எல்லாப் பூஞ்சையும் எதிரி என்று எடுத்துக்கொள்ளக் கூடாது. வேரோடு கூட்டு வைக்கும் பூஞ்சைகள் நீரும் சத்தும் கொண்டுவந்து தருகின்றன. வட அமெரிக்கக் காடுகளில் 55 இனங்களை வைத்து 2017-இல் வந்த ஓர் ஆய்வு, கூட்டின் வகையைப் பொறுத்து விளைவு தலைகீழாகிறது என்று காட்டியது. வேரின் உயிரணுவுக்குள் புகும் வகைப் பூஞ்சையோடு கூட்டு வைத்த மரங்களின் கன்றுகள் தாய்மரத்தடி மண்ணில் பின்தங்கின. வேரை உறைபோலப் போர்த்தும் வகையோடு கூட்டு வைத்தவை தாயின் மண்ணிலேயே நன்றாக வந்தன. பாரோ கொலராடோவில் பெரும்பாலும் முதல் வகை. இலங்கையின் சிங்கராஜக் காட்டில் நிறைந்திருக்கும் டிப்டெரோகார்ப் குடும்பத்து மரங்கள் இரண்டாவது வகை. அங்கே பேராதனைப் பல்கலைக்கழகத்தின் நிமல், சாவித்திரி குணதிலக்க இருவரும் தொடங்கிய 25 ஹெக்டேர்க் களத்தில் 200-க்கும் மேற்பட்ட இனங்கள் உள்ளன. தாயின் காலடியிலேயே பிள்ளை வளரும் காட்டில் இத்தனை இனம் எப்படிச் சேர்ந்து வாழ்கிறது என்பது அருமையான கேள்வி.

தூரம் போகப் போக

தீவை விட்டு வெளியே வருவோம். பனாமா கால்வாய்ப் பகுதியில் பசிபிக் பக்கம் மழை குறைவு, கரீபியன் பக்கம் அதிகம். சில பத்துக் கிலோமீட்டருக்குள் இந்த மாற்றம். பாறை வகையும் மாறுகிறது. ரிச்சர்ட் காண்டிட் குழு பனாமாவையும் மேற்கு அமேசானையும் ஒப்பிட்டு 2002-இல் எழுதியது: தூரம் கூடும்போது மர இனங்கள் மாறும் வேகம் பனாமாவில்தான் அதிகம். மேற்கு அமேசான்தான் இனங்களில் பணக்காரக் காடு. ஈக்குவடாரின் யாசுனிக் களத்தில் 25 ஹெக்டேரிலேயே 1,100 இனங்களைத் தாண்டுகிறது. ஆனாலும் அங்கே நூறு கிலோமீட்டர் தள்ளிப் போனாலும் பழகிய முகங்கள் நிறைய. ஆல்ஃபாவில் பின்தங்கிய பனாமா பீட்டாவில் முந்துகிறது. "எந்தக் காடு பன்மை மிக்கது" என்ற கேள்வியே இங்கே உடைந்துபோகிறது.

கண்ட அளவுக்குப் போனால் நுண்ணுயிர்கள் வேறு பாதையில் போகின்றன. 2006-இல் ஃபியரரும் ஜாக்சனும் வட, தென் அமெரிக்காவில் 98 இடத்து மண்ணைப் பார்த்தார்கள். பாக்டீரியாப் பன்மையைத் தீர்மானித்ததில் முதலிடம் மண்ணின் அமில கார நிலைக்கு. நடுநிலை மண்ணில் பன்மை உச்சம். அவர்களுடைய மாதிரிகளில் மிக அமிலமாகவும் பன்மை மிகக் குறைந்தும் இருந்தது பெரு நாட்டு அமேசான் மண். மேலே உலகின் செழிப்பான மரக் காடுகளில் ஒன்று, கீழே பாக்டீரியாப் பன்மையில் கடைசி இடம். மரத்தைப் பார்த்து மண்ணை ஊகிப்பவர்களுக்கு இது நல்ல பாடம்.

பத்து ஆண்டு கழித்து ஜோ குழு மறுபடி வந்தது. இந்தமுறை ஆறு காடுகள்: அமெரிக்காவின் நைவாட் ரிட்ஜ், ஆண்ட்ரூஸ், ஹார்வர்ட், கொவீட்டா, பின் போர்ட்டோ ரிக்கோவின் லுக்கியோ, கடைசியாக நம் பாரோ கொலராடோ. 126 மண் மாதிரிகள். காடுகளை மட்டும் வரிசையாக வைத்தபோது, பாக்டீரியா, பூஞ்சை, நைட்ரஜன் நிலைநிறுத்திகள் மூன்றுக்கும் அமில நிலையைவிட வெப்பநிலையே நன்றாகப் பொருந்தியது. ஆனால் வெப்பம் கூடும்போது பன்மை ஏறும் வேகம் மரங்களுக்கு இருப்பதைவிட நுண்ணுயிர்களுக்கு மிகக் குறைவு. 2006-இன் முடிவுக்கும் இதற்கும் சண்டை என்று சிலர் எழுதுவதுண்டு. எனக்கு அப்படித் தெரியவில்லை. முதலாவதில் பாலைவனம், புல்வெளி, காடு எல்லாம் கலந்திருந்ததால் அமில நிலை பெரிதாக மாறியது. இரண்டாவதில் குளிர் மலையிலிருந்து வெப்பமண்டலம் வரை வெப்பம் பெரிதாக மாறியது. எது அதிகம் மாறுகிறதோ அது முன்னே தெரிகிறது.

பூஞ்சையில் நடந்த ஒரு கணக்குப் பிழையையும் சொல்லியாக வேண்டும். பிரிட்டனில் ஒரு தாவர இனத்துக்கு ஆறு பூஞ்சை இனம் என்ற விகிதத்தை எடுத்து, டேவிட் ஹாக்ஸ்வொர்த் 1991-இல் உலகில் 15 லட்சம் பூஞ்சை இனங்கள் இருக்கலாம் என்று மதிப்பிட்டார். 2014-இல் லேஹோ டெடர்சூ குழு உலகம் முழுக்க 365 இடத்து மண்ணை ஆராய்ந்தபோது அந்த விகிதம் எங்கும் ஒரே மாதிரி இல்லை என்று தெரிந்தது. துருவத்தை நோக்கிப் போகப் போகத் தாவரம் வேகமாகக் குறைகிறது, பூஞ்சை அவ்வளவு குறைவதில்லை. வேரைப் போர்த்தும் பூஞ்சைகளின் உச்சமோ மிதவெப்பக் காடுகளிலும் வடபுலக் காடுகளிலும். விகிதம் மாறாது என்று வைத்துப் போட்ட மதிப்பீடுகள் ஒன்றரை முதல் இரண்டரை மடங்கு வரை மிகையாக இருக்கக்கூடும் என்றார்கள். ஒரு தீவு நாட்டில் அளந்ததை உலகத்துக்கு நீட்டியதன் விலை அது.

முதுமலை

நமக்கும் ஒரு ஐம்பது ஹெக்டேர் இருக்கிறது. 1988-இல் இந்திய அறிவியல் கழகத்தின் ரா. சுகுமார் குழு முதுமலையில் அமைத்தது, தீவின் அதே முறையில், அதே 1 செ.மீ. வரம்பில். முதல் கணக்கெடுப்பில் சுமார் 26,000 தண்டுகள், 71 இனங்கள். தேக்கு, வெண்தேக்கு, வெக்காலி, மருது என்று நாலைந்து இனமே காட்டை நிரப்பியிருக்கும் வறள் இலையுதிர்க் காடு. யானை கிளையை ஒடிக்கும், கோடையில் தரைத்தீ ஓடும்.

300 எங்கே, 71 எங்கே என்று சோர்ந்துவிட வேண்டியதில்லை. பாரோ கொலராடோ, மலேசியாவின் பாசோ, முதுமலை மூன்றையும் 1996-இல் ஒப்பிட்டபோது, பரப்பைச் சமமாக வைப்பதோடு உயிர்களின் எண்ணிக்கையையும் சமமாக வைத்துப் பார்த்தார்கள். முதுமலையில் ஹெக்டேருக்கு ஏறக்குறைய 520 தண்டு. தீவில் 4,700. ஆயிரம் தண்டைப் பார்க்க முதுமலையில் இரண்டு ஹெக்டேர் நடக்க வேண்டும், தீவில் கால் ஹெக்டேர்கூட வேண்டாம். ஹெக்டேருக்கு ஹெக்டேர் என்று ஒப்பிடும்போதே முதுமலைக்குக் குறைவான சீட்டு கொடுத்துக் குலுக்கியிருக்கிறோம். சமமாக்கினால் இடைவெளி மறையாது, ஆனால் சுருங்கும். மண்ணில் மாதிரிக்கு மாதிரி டிஎன்ஏ துண்டுகளைச் சமப்படுத்துவதும் இதே காரணத்துக்காகத்தான்.

இதெல்லாம் எனக்கு வெறும் கணக்காக நிற்காததற்குக் காரணம், இப்போது ஊர் ஊராக நடும் குறுங்காடுகள். ஒரு துண்டு நிலத்தில் நாற்பது இனம் நட்டோம் என்று பெருமையாகச் சொல்கிறார்கள், பெருமைப்பட வேண்டியதுதான். அந்த நாற்பதும் ஆல்ஃபா. பத்து ஊரிலும் அதே நாற்பது இனம், ஒரே நாற்றங்காலில் இருந்து போனால், மாவட்டத்துக்கு மொத்தம் நாற்பதுதான். பதினைந்து இனம் பொதுவாக இருக்கட்டும், மீதி இருபத்தைந்தும் அந்தந்த ஊரின் மண்ணுக்கும் மழைக்கும் உரியதாக, ஊருக்கு ஊர் வேறாக இருந்தால் 265.

மண்ணுக்கும் இதையே பார்க்கலாம். நெதர்லாந்தில், மேல்மண் நீக்கிய பழைய விவசாய நிலத்தில் வேறு இயற்கை நிலத்து மண்ணை மெல்லிய அடுக்காகத் தூவினார்கள். புல்வெளி மண் தூவிய இடம் புல்வெளியை நோக்கிப் போனது, புதர்வெளி மண் தூவிய இடம் புதர்வெளியை நோக்கிப் போனது. 2016-இல் வந்த முடிவு இது. நம் குழிகளில் போடுவது எங்கும் அதே செம்மண்ணும் மாட்டு எருவும். அந்தந்த ஊர்க் கோயில்காட்டில், பூசாரியிடம் கேட்டுக்கொண்டு, சருகுக்கு அடியிலிருந்து ஒரு கூடை மண் எடுத்து எருவோடு கலந்து சில குழிகளுக்குப் போடலாம். பக்கத்துக் குழிகளுக்குப் போடாமல் விட்டு, மார்பளவு உயரம் வந்ததும் இரண்டிலும் நாடாவை வைத்து அளக்கலாம்.